பதினொரு அடி வயருக்கு எத்தனை கடிதம்?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணி தாண்டி நாடு முழுக்கக் கரண்ட் போனது ஞாபகம் இருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாம் என்று ஊரே சிரித்துக்கொண்டிருந்தபோது நான் வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் தொற்றி ஏறி ஆய்வுகூடத்துக்கு ஓடினேன். எங்கள் இன்கியூபேட்டருக்குள் நரம்புக் கலங்களுக்கு அன்று பதினாறாவது நாள்.

அது என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பிறக்காத எலிக்குட்டியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற சின்னத் துண்டிலிருந்து எடுத்த கலங்கள் அவை. 37 பாகை வெப்பம், 5 சதவீதக் காபனீரொட்சைட்டு, இந்த இரண்டையும் இன்கியூபேட்டர் இரவு பகலாக அப்படியே வைத்திருக்க வேண்டும். ஒன்றோடொன்று கைகோத்து நரம்பிணைப்புகள் முற்ற இரண்டு மூன்று கிழமை எடுக்கும். மற்றக் கலங்களைப் போல இவை பிரிந்து பெருகாது, செத்தால் செத்ததுதான். அதற்காக ஒரு தாய் எலியின் உயிரும் போயிருக்கிறது, அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

போய்ப் பார்த்தால் கட்டடத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது! லிஃப்ட் ஓடுகிறது, கொரிடோர் முழுக்க லைட் எரிகிறது, எங்கள் அறை மட்டும் இருட்டு. வெளிக்கதவை மட்டும் திறந்து, மிச்ச வாயுவும் போய்விடக்கூடாதே என்று உள்ளே இருக்கும் கண்ணாடிக் கதவைத் தொடாமல் போன் டோர்ச்சை அடித்தேன். காலையில் செம்மஞ்சளாக இருந்திருக்க வேண்டிய வளர்ப்புத் திரவம் ரோஸ் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது. வாயு குறையக் குறைய அமிலத்தன்மை போய் அது ஊதாப் பக்கம் போகும், அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர நான் என்ன செய்வது? அடுத்த நாள் நுணுக்குக்காட்டியில் வைத்தால், நீண்டு கிடந்த கைகள் எல்லாம் அறுந்த மணிமாலை போலத் துண்டு துண்டாக இருந்தன. அன்றும் மறுநாளும் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு வேறு.

2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டியபோது நாட்டிலேயே டீசல் இல்லை, சரி, யாரைக் குறை சொல்வது? இப்போது டீசல் இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது, வயர்தான் இல்லை. கேட்டால் ஜெனரேட்டர் இன்னும் லோட் தாங்காதாம். இன்கியூபேட்டர் ஒன்று இழுக்கிற கரண்ட் தேத்தண்ணிக் கேத்தலை விடக் குறைவு, இதை எழுதியே கொடுத்தேன்!

மாதிரிகளை உறைய வைத்திருக்கும் மைனஸ் 80 பாகை ஃப்ரீசரின் கதையும் இதுதான். உள்ளே குளிராக்க அது வெளியே சூட்டைக் கக்கும், அதனால் அறையில் ஏசி ஓடியே ஆக வேண்டும். ஐந்து மணியானால் செக்யூரிட்டி வந்து ஓஃப் பண்ணிவிட்டுப் போகிறார். அவரில் பிழை இல்லை, "மிஸ், எனக்கு ஓடர்" என்கிறார் பாவம். இரவெல்லாம் அந்தப் புழுக்கத்தில் கம்பிரசர் மூச்சு வாங்குகிறது. உள்ளே இருக்கும் மாதிரிகள் எத்தனை பேருடைய எத்தனை வருட உழைப்பு என்று ஓடர் போட்டவருக்குத் தெரியுமா? புது மெஷின் வந்தால் ரிப்பன் வெட்ட இருபது பேர் வருகிறார்கள், அது நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்குக் காசு ஒதுக்க மாட்டேன் என்கிறார்கள்.

எக்ஸ்டென்ஷன் வயர் இழுக்கலாமே என்பீர்கள். தீப்பிடிக்கும், விடமாட்டார்கள், அது நியாயம்தான். ஆனால் முறையாக ஒரு லைன் போடுங்கள் என்று போன கிழமை நாலாவது கடிதமும் கொடுத்தாயிற்று. வயர்மேன் அண்ணா தன் பாட்டில் வந்து அளந்தும் பார்த்தார். எங்கள் சுவரிலிருந்து ஜெனரேட்டர் லைனில் இருக்கும் சிவப்புப் பிளக்குக்குப் பதினொரு அடி. அதில் இப்போது கொரிடோரில் இருக்கும் தண்ணீர்க் கூலர் ஓடுகிறது.