யாருக்கு நல்லவன்?

திருகோணமலையில் 'பூர்வ குடிகளும் குடியேற்ற ஆட்சிகளும்' என்று நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொளியை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். போதும். நானும் அந்த மண்டபத்தில்தான் இருந்தேன். "பறங்கி இடித்தான், ஒல்லாந்தன் சுரண்டினான், ஆங்கிலேயன்தான் எங்களை மனிதராக்கினான்" என்று மேடையில் பேசிய ஐயா முடித்ததையும் கேட்டேன், கைதட்டலையும் கேட்டேன். ஸ்பானியர் வந்திருந்தால் நாம் இன்று இருந்திருக்கவே மாட்டோமாம். அதற்கு இன்னும் பலத்த கைதட்டல்.

ஐயா வயதில் மூத்தவர். இந்த ஊரில் பாதிப் பேருக்குப் பாடம் சொன்னவர். அதனால் மரியாதையோடு ஒன்றே ஒன்று கேட்கிறேன்: ஆங்கிலேயன் யாருக்கு நல்லவன்?

1620களில் பறங்கித் தளபதி, போர்த்துக்கேயன் கொன்ஸ்டன்டைன் டி சா கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினான். இன்றும் அர்ச்சனைத் தட்டோடு அந்தக் கோட்டை வாசலைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போகிறோம். நானூறு வருடமாகியும் மறக்க முடியாது, மறக்கவும் வேண்டாம். ஆனால் 1840இல் ஆங்கிலேயன் போட்ட முடிக்குரிய காணிச் சட்டத்துக்கு அப்படி ஒரு கல் எங்கே நிற்கிறது? காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம் அரசிக்குச் சொந்தம். இல்லையென்றால் நீ நிரூபி. சில வருடம் விட்டு விட்டுச் செய்யும் சேனைப் பயிர் நிலமும் எங்கள் பக்கத்தில் காட்டுக் கணக்கில்தான் சேர்ந்தது. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கத்து பூர்வ குடிகளான வேடர்களுக்கு நிரூபிக்க என்ன இருந்தது? தேனும் வேட்டையும் சேனையும் தந்த காட்டுக்கு எவன் காணி உறுதி எழுதிக் கொடுத்தான்?

அதே 1840 பெப்ரவரியில் நியூசிலாந்தில் இதே ஆங்கிலேயன் மாவோரித் தலைவர்களோடு வைத்தாங்கியில் உடன்படிக்கை எழுதினான். அந்த உடன்படிக்கையை எப்படிக் காப்பாற்றினான் என்பது தனிக் கதை. அவுஸ்திரேலியாவில் அதையும் எழுதவில்லை. அங்கே சொந்தக்காரரே இல்லை என்ற எண்ணத்திலேயே நிலத்தை எடுத்தான். அது தவறு என்று அந்த நாட்டு உயர் நீதிமன்றம் சொல்ல 1992 ஆயிற்று, மாபோ வழக்கில். ஒரே கொடி, ஒரே அரசி. இதில் எவன் ஐயாவின் நல்ல ஆங்கிலேயன்?

"ஒல்லாந்தன் வெறும் வியாபாரி" என்றும் ஒரு வரி வந்தது. 1621இல் இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் சாதிக்காய்க்காக ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்று, பட்டினி போட்டு, எஞ்சியவர்களை நாடுகடத்தி, அந்தத் தோட்டங்களில் அடிமைகளை இறக்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனிதான் 1639இல் இங்கே வந்து பறங்கியரை விரட்டியது. எங்களிடம் அவனுக்கு வேண்டியது துறைமுகம். அதனால் தப்பினோம். அவனுடைய நல்ல குணத்தால் அல்ல.

உடனே வருவீர்கள்: "ரயில்? பள்ளிக்கூடம்?" கோப்பிக்குப் போட்ட ரயிலில் நாமும் ஏறினோம், அவ்வளவுதான். "1832இல் இராசகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஒழித்தான், 1844இல் அடிமை முறையை ஒழித்தான்" என்பீர்கள். உண்மை. மறுக்கவில்லை. ஒல்லாந்தன் 1707இல் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் அடிமைகளுக்கும் விதிகள் இருந்தன; அந்த அடிமைகளின் பேரப்பிள்ளைகள் ஆங்கிலேயனை வாழ்த்தினால் ஒரு சொல் பேச மாட்டேன். மேடையில் வாழ்த்தியவர்கள் அந்தப் பேரப்பிள்ளைகளா?

இன்னொருவர், சொந்தக்காரர்தான், "உன் அப்பப்பா வெள்ளைக்காரன் சம்பளத்தில்தானே பிள்ளைகளை வளர்த்தார், நன்றி கெட்டவனே" என்று எழுதியிருக்கிறார். ஆம், வளர்த்தார். கடற்படை டொக்யார்டில் ஃபிட்டராக இருந்தார். 1942 ஏப்ரலில் ஜப்பானியன் குண்டு போட்டபோது ஊரே ஓடியது. அவர் மறுநாளே வேலைக்குப் போனார். துரை தன் பெயரைச் சரியாக உச்சரிப்பார் என்பதைச் சாகும்வரை பெருமையாகச் சொன்னார். 1957இல் அந்தக் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு மாறியபோது துரையும் இல்லை, வேலையும் இல்லை. நற்சான்றிதழை மட்டும் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தார். அவர் உழைத்தார், கூலி வாங்கினார். அதற்கு நான் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்? என்னை என்னவும் சொல்லுங்கள், அப்பப்பாவை இழுக்காதீர்கள்.

"சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவர்கள் மட்டும் யோக்கியமா?" இல்லை. 1983இல் மாதுறு ஓயாவைத் தேசியப் பூங்கா ஆக்கி வேடரின் வேட்டைக் காட்டை எடுத்தது எந்த வெள்ளைக்காரன்? சட்டம் போடக் கற்றுக்கொடுத்தவன் போனான், கற்றுக்கொண்டவர்கள் இருந்தார்கள்.

நாம் மட்டும் என்ன? சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில் காணி விடயமாக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஈச்சிலம்பற்றுப் பக்கத்து முதியவர் ஒருவர். "உறுதி இருக்கிறதா, பெர்மிட் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். "அப்பன் தேன் எடுத்த இடம் ஐயா" என்றார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் சிரித்தார். தமிழர்தான். வரிசையில் நின்றவர்களில் சிலரும் சிரித்தார்கள், எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள். அந்த முதியவரும் தமிழில்தான் பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் தேநீர் நேரத்தில் இதைச் சொன்னேன். "வேடரா, அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டார் ஒருவர். மூதூர் பஸ்ஸில் ஏறினால் தெரியும் என்றேன். பகிடி என்று நினைத்துக்கொண்டார். பூர்வ குடிகளும் குடியேற்ற ஆட்சிகளும் என்று பதாகை கட்டிய கூட்டம் அது!

அடுத்த மாதத்துக்கும் அழைப்பிதழ் வந்துவிட்டது, அதே ஐந்து பெயர்களோடு. வெருகல் பக்கத்திலிருந்து ஒருவரையாவது மேடையில் உட்காரவைத்துப் பேசவிட்டால் வருகிறேன். இல்லையென்றால் எனக்குக் காணொளி அனுப்ப வேண்டாம்.