சுவரில் இல்லாத உபதேசியார்

எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலுக்கு அடுத்த ஆண்டு 150ஆவது பிரதிஷ்டைப் பண்டிகை. மலர் கமிட்டியில் என்னையும் போட்டிருக்கிறார்கள். முதல் கூட்டத்தில் பொருளடக்கம் எழுதினோம். பேராயர் வாழ்த்துரை, சேகர குருவானவர் வாழ்த்துரை, கோயில் கட்டிய மிஷனெரியின் படம், இதுவரை இருந்த ஐயர்மார் (குருமாரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) பட்டியல், மணி யார் கொடுத்தது, ஆர்கன் யார் கொடுத்தது, நன்கொடையாளர் படங்கள். கடைசியில் ‘சபை வரலாறு, 2 பக்கம்’ என்று எழுதி முடித்தார்கள். அந்த 2 பக்கத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கோயிலுக்குள் வலப்பக்கச் சுவரில் ஒரு பளிங்குப் பலகை உண்டு. ஐயர்மார் பெயரும் அவர்கள் இருந்த ஆண்டுகளும் வரிசையாக வெட்டியிருக்கும். சிறு வயதில் பிரசங்கம் நீளும்போதெல்லாம் அதை வாசித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். மேலிருந்து நான்காவது பெயருக்கும் ஐந்தாவது பெயருக்கும் நடுவே 6 ஆண்டுகள் காணாமல் போயிருக்கும். அந்த 6 வருடமும் கோயில் பூட்டியா கிடந்தது என்று ஆச்சியிடம் கேட்டேன். “கோயிலை யாரு பூட்டுவா? உபதேசியார்தாம்ல ஜெபம் நடத்துனாரு” என்றாள். குருப்பட்டம் பெறாமல் சபையில் ஜெபமும் போதனையும் நடத்துகிற ஊழியர்தான் உபதேசியார். அவர் பெயர் என்ன என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பலகையில் ஒரு உபதேசியார் பெயரும் கிடையாது.

திருநெல்வேலிச் சீமை முழுவதற்கும் இப்படி ஒரு இடைவெளி இருந்திருக்கிறது. 1778இல் ஜெர்மன் மிஷனெரி ஷ்வார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற பிராமண விதவை அம்மாளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780இல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர். அந்த அம்மாள் கட்டிய கோயில் 1785இல் பிரதிஷ்டையானது. பாப்பாத்தியம்மாள் கோயில் என்று இன்றும் சொல்கிறோம். 1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு உண்டானது. அப்புறம் மிஷனெரிமாரில் 1800இல் ஜெனிக்கே ஐயர் இறந்தார், 1803இல் கெரிக்கே ஐயரும் போய்விட்டார். அதற்குப் பிறகு சுமார் 10 ஆண்டுகள் இந்தப் பக்கத்துச் சபைகளை நிலையாகக் கவனித்துக்கொள்ள மிஷனெரி இல்லை. 1816இல் பாளையங்கோட்டைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப் விசாரித்துப் பார்த்தால், ஊர் ஊராகச் சபைகள் உயிரோடு இருக்கின்றன!

எனக்கு இந்த வரலாற்றிலேயே மனதைத் தொடுகிற இடம் இதுதான். அந்த 10 ஆண்டுகளைச் சபைகளின் சொந்த ஆண்டுகள் என்றே சொல்வேன். ஓரிரு நாட்டு ஐயர்மாரும் உபதேசிமாரும், பனை ஏறிவிட்டு வந்து ஓலைக் கூரைக்குக் கீழே முழங்கால் போட்ட ஜனங்களும்தான் அவற்றைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் நம்முடைய மலர்களில் அந்த ஆண்டுகளுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. 1820இல் மிஷனெரி ரேனியஸ் ஐயர் வந்த பிறகு பக்கங்கள் நிறைந்துவிடுகின்றன. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மிஷனெரிமார் தங்களை அனுப்பிய மிஷன் சங்கத்துக்குக் கடிதமும் அறிக்கையும் எழுதினார்கள், அவை பத்திரமாக இருக்கின்றன. உபதேசியார் யாருக்கு எழுதுவார்? ரேனியஸ், கால்டுவெல் பாடுபட்டதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. தாம் கட்டத் தொடங்கிய இடையன்குடிக் கோயிலை 1880இல் பிரதிஷ்டை செய்யும்வரை கால்டுவெல் ஐயர் காத்திருந்த பொறுமையை நினைத்தால் இப்போதும் கண் கலங்கும். ஆனால் அவரோடு சேர்ந்து காத்திருந்த சபையும் ஒன்று உண்டல்லவா?

சரி, உபதேசியாரை எங்கே தேடுவது? பதிவேட்டில்தான். போன மாதம் அனுமதி வாங்கி, எங்கள் கோயில் பீரோவைத் திறந்து பார்த்தேன். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என மூன்று வகைப் பதிவேடுகள். தோல் அட்டை உரிந்திருக்கிறது, ஓரங்களைப் பூச்சி அரித்திருக்கிறது, பக்கத்தைத் திருப்பினால் துகள் கையில் ஒட்டுகிறது. ஞானஸ்நானப் பதிவேட்டின் முதல் பக்கத்துத் தேதி, கோயில் கட்டுவதற்கு 20 வருடம் முந்தியது. கட்டடத்துக்குத்தான் 150, சபைக்கு வயது அதைவிடக் கூடுதல். கமிட்டியில் ஒருவருக்கும் இது தெரியாது. எனக்கும் அன்றுவரை தெரியாது.

அடக்கப் பதிவேட்டில் 1877ஆம் ஆண்டு. தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடிய காலம். மற்ற ஆண்டுகள் ஒன்றரைப் பக்கத்தில் முடிகின்றன. இந்த ஓர் ஆண்டு மட்டும் ஒன்பது பக்கம். சாவின் காரணம் எழுதும் கட்டத்தில் ‘பேதி’, ‘பேதி’, ‘காய்ச்சல்’, மறுபடி ‘பேதி’. ஒரே வீட்டில் 11 நாளில் நான்கு பேர். அடக்கம் செய்தவர் கையெழுத்து இருக்கிற கடைசிக் கட்டத்தில் முதல் மூன்று பக்கம் ஐயர் பெயர், அதற்குப் பிறகு முழுவதும் வேறு ஒரு கையெழுத்து, கீழே ‘உபதேசியார்’ என்று மட்டும். எழுத்து ஆரம்பத்தில் முத்துமுத்தாக இருக்கிறது. ஐப்பசிக்குப் பிறகு சாய்ந்து, மை திட்டுத்திட்டாகி, சில இடத்தில் பெயர் பாதியில் நிற்கிறது. அந்த மனிதர் எத்தனை குழி பார்த்திருப்பார்! அந்தப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதே ஆண்டு ஞானஸ்நானப் பதிவேடும் தடித்திருக்கிறது. பஞ்சத்தில் கஞ்சிக்காகச் சேர்ந்த கூட்டம் என்று எங்களைப் பார்த்து இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. பசித்தவன் கஞ்சி குடித்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மழை பெய்து, விளைந்து, கஞ்சித்தொட்டி மூடிய பிறகு என்ன ஆனது என்று அவர்கள் பார்ப்பதில்லை. பதிவேட்டில் அதற்குப் பதில் இருக்கிறது. 1877இல் ஞானஸ்நானம் பெற்றவர்கள் பலர் 1890களில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். 1920களில் அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள். எந்தக் கஞ்சி அவ்வளவு நாளைக்குத் தாங்கும்?

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பழைய பக்கங்களில் பெயருக்குப் பக்கத்தில் சாதியும் எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடலாம் என்றதும் கமிட்டியில் சத்தம் அடங்கிவிட்டது. “அது எதுக்கு இப்ப?” என்றார் ஒருவர். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை இருக்கவே கூடாது என்று கண்டிப்பாக எழுதினார். தஞ்சாவூரில் பலர் சபையைவிட்டே விலகிப் போனார்கள். சாதியை விடுவதைவிடக் கோயிலை விடுவது அவர்களுக்கு லேசாக இருந்தது. அந்த நோய் எங்கள் ஊரில் இல்லை என்று நான் எப்படி எழுதுவேன்? ஒரு காலத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், யாரை எங்கே புதைத்தார்கள் என்று சொல்ல ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஓடிய குட்டைச்சுவரின் அடித்தளம் இன்னும் தெரிகிறது. சாட்சி சொல்லும்போது நம் பாவத்தை அறிக்கை செய்யாமல் சொல்வது சாட்சியா? சபைக்கும் அதுதான் நியாயம்.

பெண்கள் இந்தப் பட்டியல் எதிலும் இல்லை. பதிவேட்டில் தாயின் பெயர் என்ற ஒரு கட்டத்தோடு சரி. ஆனால் கோயில் எழும்பியதே அவர்கள் கையால். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். கைப்பிடி அரிசிக் காணிக்கை. சோற்றுக்கே இழுபறியான வீட்டிலும் அந்தக் கலயம் காலியாகப் போகாதாம்.

அடுத்த கூட்டத்தில் நான் கேட்கப்போவது இவைதான். வரலாற்றுக்கு 2 பக்கம் போதாது, 40 பக்கம் வேண்டும். நன்கொடையாளர் படங்களைச் சின்னதாக்கினால் இடம் கிடைக்கும். பதிவேடு ஒவ்வொரு பக்கத்தையும் மழைக்காலம் வருவதற்குள் படம் எடுத்துவிட வேண்டும். எண்பது வயது தாண்டியவர்கள் எங்கள் சபையில் ஏழு பேர் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதை இந்த மாதமே பதிவு செய்ய வேண்டும். உங்கள் சபையிலும் பண்டிகை வந்தால் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் பீரோவைத் திறந்து பாருங்கள்.

நேற்று அந்த ஏழு பேரில் மூத்தவரான ஒரு பாட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். 1877இன் உபதேசியாரைப் பற்றி அவர்களுடைய பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறார்களாம். ஊருக்குள் அவரை ‘குழிவெட்டி உபதேசியார்’ என்றுதான் கூப்பிட்டார்களாம். உண்மைப் பெயர் ஞாபகமில்லை. “நாசரேத்துல எங்க பெரியம்மா மவ ஒருத்தி இருக்கா, அவளுக்குத் தெரிஞ்சாலும் தெரியும்” என்றார்கள். சனிக்கிழமை போகிறேன்.