திறமை இல்லாமல் இல்லை

அந்தப் பின்னூட்டத்தை நேற்றிலிருந்து ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். "திறமை இருந்தா வேலை தானா வரும். 60 நாள் தாராளம்." வேலை போன ஒரு தம்பி ரெஃபரல் கேட்டு எழுதிய பதிவுக்குக் கீழே இப்படி எழுத எப்படி மனசு வந்தது? அதற்கு இத்தனை இதயக்குறிகள் வேறு.

தாராளமா? அமெரிக்காவில் எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். அதற்குள் இண்டர்வியூ எல்லாம் முடிந்து, ஆஃபர் கையில் வந்து, புது நிறுவனம் அவருக்காக மனுவும் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு விசாவுக்கு மாற வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும். அதே டீமில் அதே நாளில் வேலை இழந்த, நிரந்தரமாகத் தங்க அனுமதியுள்ள கிரீன் கார்டுக்காரர் ஆறு மாதம்கூட நிதானமாகத் தேடலாம். இருவரும் எழுதியது ஒரே புரோகிராம். இதில் திறமை எங்கே வந்தது?

பிரிட்டனில் அரசிடம் ஸ்பான்சர் உரிமம் வாங்காத நிறுவனம் ஆசைப்பட்டாலும் வெளிநாட்டுக்காரருக்கு விசா கொடுத்து எடுக்க முடியாது. அங்கே வேலை விசாவுக்கான பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பள வரம்பு 2024 ஏப்ரலில் 26,200 பவுண்டிலிருந்து 38,700 ஆனது. 2025 ஜூலையில் 41,700. மார்ச்சில் தகுதியாக இருந்தவருக்கு ஏப்ரலில் ஜாவா புரோகிராமிங் மறந்துபோய்விட்டதா?

நான் ஜெர்மனியில் வேலை தேடியபோது ஒரு நிறுவனத்தில் டெக்னிக்கல் சுற்றுகள் எல்லாம் முடிந்தன. மேனேஜர் "எப்போது சேரலாம்?" என்றே கேட்டுவிட்டார். பிறகு எச்ஆர் அழைத்து வேலை அனுமதி பற்றி விசாரித்தார். விசா மாற்ற வேண்டும் என்றேன். அந்த இடத்திலேயே குரல் இறங்கியது. இரண்டு நாளில் "வேறொருவரைத் தேர்வு செய்துள்ளோம்" என்று மெயில். அம்மாவிடம் "இன்னும் ரிசல்ட் வரல" என்றுதான் சொன்னேன். வேறென்ன சொல்வது? என் பதில்களில் தப்பில்லை, என் பாஸ்போர்ட்தான் தப்பு என்றா?

"வேலை இல்லாமல் ஏன் போகணும்?" என்பீர்கள். ஜெர்மனியே 2024 ஜூனில் சான்சன்கார்ட்டே என்ற வேலை தேடும் அனுமதியைக் கொண்டுவந்து, ஒரு வருடம் வரை இங்கே இருந்து வேலை தேடலாம் என்கிறது. அதை நம்பி வருகிறவர் முட்டாளா? மொழி தெரியணும் என்பது சரி, மறுக்கவில்லை. ஜெர்மன் இல்லாமல் பாதிக் கதவு திறக்காது. "போலி அனுபவம் போட்டு வர்றாங்களே?" வருகிறார்கள். அதற்கும் அந்தத் தம்பிக்கும் என்ன சம்பந்தம்?

எனக்கு உண்மையாகவே வலிப்பது வேறு. இப்படிப் பேசுகிறவர்களில் பலர் ஆன்சைட்டில், அதாவது கம்பெனியே வெளிநாட்டு வேலைக்கு அனுப்பி வந்தவர்கள். விசா, வக்கீல், டிக்கெட், முதல் மாதம் தங்கும் இடம் எல்லாம் கம்பெனி பார்த்துக்கொண்டது. அது தவறே இல்லை, உழைத்துத்தான் வந்திருப்பீர்கள். ஆனால் வேலை விண்ணப்பத்தில் "உங்களுக்கு விசா ஸ்பான்சர்ஷிப் தேவையா?" என்ற கேள்விக்கு ஆமாம் என்று டிக் செய்துவிட்டு, அடுத்த நிமிடமே தானியங்கி நிராகரிப்பு வாங்கியதுண்டா? வாங்காதவர் எங்கள் திறமையை எதை வைத்து அளக்கிறீர்கள்? கஷ்டப்பட்டு வந்தவர்கள்கூடக் குடியுரிமை கிடைத்ததும் பின்னால் வருகிறவனுக்குப் பாடம் எடுக்கிறார்கள். அதுதான் தாங்கவில்லை.

என் நட்புப் பட்டியலில் ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். விசா ஸ்பான்சர் செய்வீர்களா, மாட்டீர்களா என்பதை வேலை விளம்பரத்திலேயே எழுதச் சொல்லி உங்கள் எச்ஆரிடம் கேளுங்கள். கடைசிச் சுற்று வரை இழுத்துவிட்டுச் சொல்லாதீர்கள்.