நீல மை

97 நாள். மார்ச் 4-ம் தேதி ஒரு கம்பெனிக்கு எட்டுக் கட்டுரையையும் எழுதி அனுப்பி முடிச்சேன், இன்னைக்கு ஜூன் 9, காசு இன்னும் வரலை. காலைல பதினொன்னே முக்காலுக்கு அந்தக் கம்பெனி அக்கவுண்ட்ஸ் தம்பிகிட்ட இருந்து போன். அவரா கூப்பிடறாரு! இத்தனை நாளும் நான் கூப்பிடுவேன், அவர் "மீட்டிங்ல இருக்கேன் சார்"னு கிசுகிசுப்பாரு. சரி, பணம் போட்டாச்சுன்னு சொல்லத்தான் கூப்பிடறாருன்னு நினைச்சு, அடுப்புல இருந்த பாலைக்கூட அணைக்காம எடுத்தேன்.

"சார், உங்க இன்வாய்ஸ்ல சைன் பிளாக் கலர்ல இருக்கு சார். ப்ளூ இங்க்ல வேணும்."

பால் பொங்கிடுச்சு.

அதுக்கப்புறம் பேசுனதை அப்படியே தர்றேன், ஒரு எழுத்து கூட்டலை.

"தம்பி, நான் போட்டது நீல மைதான். ஸ்கேன் பண்ணப்போ கறுப்பு வெள்ளையா வந்திருக்கு."

"கரெக்ட் சார். ஆனா பாக்கறதுக்கு பிளாக்கா இருக்கு. ஆடிட்டர் ஜெராக்ஸான்னு கேப்பாரு."

"ஸ்கேன்னா அது ஜெராக்ஸ் மாதிரிதானே இருக்கும்?"

"அதான் சார் ஒரிஜினலை கூரியர் பண்ணிடுங்க. 10-ம் தேதி பேமென்ட்ல போட்டுடலாம்."

"நாளைக்குத்தானே 10?"

"ஆமா சார். லிஸ்ட் நேத்தே க்ளோஸ். 25-ல போட்டுடலாம்."

ஒரே மூச்சுல ரெண்டு தேதி. தம்பிமேல கோபமே வரலை, அவ்வளவு மரியாதையான குரல். நம்மளைக் குழில தள்ளிட்டு மேல இருந்து "சாப்டீங்களா சார்"னு கேக்கற குரல்.

இதெல்லாம் எத்தனை கோடிக்குன்னு நினைக்கறீங்க? 7,200 ரூபா. 8,000 வார்த்தை, வார்த்தைக்குத் தொண்ணூறு பைசா. கடைல பத்து பைசா பாக்கிக்கு மிட்டாய் குடுப்பானே, அந்தக் கணக்குல பாத்தா என்னோட ஒரு வார்த்தைக்கு ஒன்பது மிட்டாய். அதையாவது குடுத்திருந்தா வீட்ல பிள்ளைங்களுக்கு ஆகியிருக்கும்.

மார்ச்சுல முதல் பில் அனுப்புன அன்னைக்கே தம்பி சொன்னாரு: "முதல்ல நீங்க வெண்டார் ஆகணும் சார்." அதாவது அவங்க லிஸ்ட்ல பதிஞ்ச சப்ளையர். எட்டுக் கட்டுரையும் வாங்கி, போட்டு, அதுக்கு லைக்கும் வாங்கியாச்சு. அப்ப அதை எழுதுனவன் யாரு? தெருவுல போனவனா?

நாலு பக்க ஃபார்ம். கம்பெனி ஆரம்பிச்ச வருஷம். தொழிற்சாலை முகவரி. குடோன் எத்தனை சதுர அடி. ஐஎஸ்ஓ சான்றிதழ் எண். என் தொழிற்சாலை டைனிங் டேபிளோட ஜன்னலோர மூலை. மத்தியானம் சாம்பார் சட்டி வந்து உக்காந்தா உற்பத்தி நிறுத்தம். குடோன்னா, ஃப்ரிட்ஜ் மேல ரெண்டு நோட்டு கிடக்கு. எல்லாத்துக்கும் "பொருந்தாது"ன்னு எழுதி அனுப்புனேன். திரும்பி வந்துச்சு. மொத்த ஊழியர்கள்ங்கற இடத்துல 1-னு போட்டிருந்தேனாம். "சிஸ்டம் ஒன்னு எடுக்காது சார், மினிமம் ரெண்டு போடுங்க."

இப்ப என் மனைவி என் நிறுவனத்தோட ஊழியர். ஒரு விதத்துல உண்மையும் அதான். அவ சம்பளத்துலதான் நிறுவனம் ஓடுது.

அடுத்து லெட்டர்ஹெட், சீல். சீல் இல்லாத தாள் செல்லாதாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ரப்பர் ஸ்டாம்ப் கடைக்குப் போனேன். "என்ன தொழில் சார்?"னு கேட்டாரு. "எழுத்து"ன்னேன். "பத்திர எழுத்தரா? ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிர்லயா உக்காந்திருக்கீங்க?" இல்லைங்கன்னு விளக்கினேன். முழுசா கேட்டுட்டு, "பத்திரம் எழுதறவங்களுக்கு நல்ல வரும்படி சார்"னாரு. 300 ரூபா. "ப்ரொப்ரைட்டர்"னு அழகா செதுக்கிக் குடுத்தாரு. வீட்டுக்கு வந்து அந்த சந்தோஷத்துல பால் கணக்கு நோட்டுலகூட ஒரு குத்து குத்துனேன்.

கேன்சல் பண்ணுன செக் கேட்டாங்க. அனுப்புனேன். செக்ல பேர் அச்சாகலைன்னு திரும்பிச்சு. பாஸ்புக் முதல் பக்கம் அனுப்புனேன். பேங்க் முத்திரை இல்லைன்னு திரும்பிச்சு. பேங்க்ல நடந்ததைச் சொல்ல ஆரம்பிச்சா இன்னைக்குள்ள முடியாது, விட்டுடறேன்.

அப்புறம் ஜிஎஸ்டி கடிதம். சேவைத் தொழில்ல வருஷம் 20 லட்சம் தாண்டினாதான் ஜிஎஸ்டி பதிவு. நான் தாண்டலைன்னு நானே லெட்டர்ஹெட்ல எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தித் தரணும். "எனது ஆண்டு வருமானம் இருபது லட்சம் ரூபாயைத் தாண்டவில்லை என்று உறுதி கூறுகிறேன்"னு அடிச்சுட்டு இருக்கேன், பின்னாடி நின்னு எங்கம்மா படிக்கறாங்க. "இதுக்கு உறுதிமொழி வேறயாடா? ஆளைப் பாத்தா தெரியாதா?"

இதுல பெரிய கொடுமை டிடிஎஸ். கட்டுரைங்க எதைப் பத்தின்னு சொல்லலையே, தண்ணி சுத்திகரிக்கற மிஷின். எட்டுக் கட்டுரைலயும் டிடிஎஸ் டிடிஎஸ்னு எழுதியே விரல் தேஞ்சுது. தண்ணில கரைஞ்சிருக்கற உப்போட அளவுதான் அந்த டிடிஎஸ். குடிதண்ணில அது லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம், வேற தண்ணிக்கே வழியில்லைன்னா 2,000 வரைக்கும் பொறுத்துக்கலாம்னு குடிதண்ணிக்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500 சொல்லுது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அந்த டிடிஎஸ்ஸை எழுதுனதுக்கு வர்ற காசுல இந்த டிடிஎஸ்ஸை, அதாவது வருமான வரிக்குன்னு முன்னாடியே கழிக்கறதை, பத்து பர்சென்ட் பிடிப்பாங்களாம். "தம்பி, ஒரு வருஷத்துல ஒருத்தருக்கு 50,000 தாண்டினாதான் பிடிக்கணும், 2025 பட்ஜெட்லதான் 30,000-ல இருந்து ஏத்துனாங்க"ன்னேன். "கரெக்ட்தான் சார். ஆனா எங்க பாலிசில எல்லாருக்கும் பிடிச்சிடுவோம். நீங்க ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கலாம்." 720 ரூபா போச்சு. தண்ணில உப்பு கரையுது, எனக்குக் காசு கரையுது.

சட்டம் இல்லையான்னு கேப்பீங்க. எல்லாம் இருக்கு. சின்னத் தொழில்களுக்கு அரசாங்கம் குடுக்கற உத்யம் பதிவு வெச்சிருக்கேன், நான் ஒரு "குறு நிறுவனம்". சிறு தொழில்களுக்கான 2006-ம் வருஷச் சட்டப்படி எழுத்துல ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள்ல பணம் தரணும், இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினா ரிசர்வ் வங்கி சொல்ற வட்டி மாதிரி மூணு மடங்கு, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. அது போதாதுன்னு 2023 பட்ஜெட்ல ஒரு ஆணி அடிச்சாங்க: சின்ன நிறுவனங்களுக்குக் காலத்துல குடுக்காத பணத்தை, குடுக்கற வரைக்கும் வரிக் கணக்குல செலவா காட்ட முடியாது. இதையெல்லாம் பணிவா, புண்படாம, மூணு பத்தில மெயில் அனுப்புனேன். மொத்தத்துல நான் எழுதுனதுலயே நல்ல எழுத்து அதுதான். பதில் வந்துச்சு. "நோட்டட் சார்." பக்கத்துல ஒரு கும்பிடு.

புகார் குடுக்கறதுக்குன்னு அரசாங்கமே ஒரு தளம் ஆரம்பிச்சுது. பேரு "சமாதான்". இந்தில தீர்வுன்னு அர்த்தமாம். தமிழ்ல படிச்சா வேற அர்த்தம் வருதே, அதான் நடக்குது. 7,200-க்குப் புகார் குடுத்துட்டு, அடுத்த மாசம் "புதுசா ஏதாச்சும் எழுத இருக்குமா சார்"னு அதே ஆளைத்தானே கேக்கணும்? நானே சமாதானமாயிட்டேன்.

ஒன்னு ஒத்துக்கணும், இல்லைன்னா ராத்திரி தூக்கம் வராது. பதினோரு வருஷம் ஆபீஸ்ல இருந்தப்போ எங்களுக்கும் ஒருத்தர் மொழிபெயர்த்துக் குடுப்பாரு. வயசானவர். மாசம் ஒரு தடவை கூப்பிட்டு, "சார், அந்த பில்லு..."ன்னு இழுப்பாரு. நான் என்ன சொல்வேன் தெரியுமா? "ப்ராசஸ்ல இருக்கு சார்." அந்தப் ப்ராசஸ் எந்த மேஜைல இருக்குன்னு ஒரு நாளும் எழுந்து போய்ப் பாத்ததில்லை. எனக்கு 30-ம் தேதி சாயங்காலம் போன் டொய்ங்னு அடிக்கும், சம்பளம் விழுந்திருக்கும், அதை முழுசா படிக்கக்கூட மாட்டேன். இப்ப டொய்ங்னு சத்தம் கேட்டா பாத்ரூம்ல இருந்து ஓடி வர்றேன். வந்து பாத்தா "உங்களுக்காக முன்அனுமதிக்கப்பட்ட கடன்". சரிதான்னு பேங்க்கைக் கேட்டா, மூணு மாச சாலரி ஸ்லிப் வேணுமாம்.

சொந்தக்காரங்க கதை உங்களுக்கே தெரியும். வீட்ல இருந்தா சும்மா இருக்கறதுதான். எங்க பிளாக்ல பன்னெண்டு வீடு, பன்னெண்டு வீட்டுப் பார்சலும் எனக்குத்தான் வருது. மாடி வீட்டு அக்கா ஒரு படி மேல போய், டெலிவரி முகவரிலயே என் வீட்டு நம்பரைப் போட ஆரம்பிச்சுட்டாங்க. "நீதான் சும்மா இருக்கியே தம்பி"ன்னாங்க. சும்மா இல்லைக்கா, 97 நாளா ஒரு வேலை பாக்கறேன், அதுக்குப் பேரு பணம் கேக்கறது.

சரி, கையெழுத்துக்கு வரேன். நான் போட்ட பழைய ஒரிஜினல் எங்க போச்சுன்னே தெரியலை, பில்லை மறுபடி பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனேன், வந்தேன். நீலப் பேனா தேடறேன். காணோம். இதை எப்படி வெளில சொல்றது? முழு நேரமா எழுதறவன் வீட்ல எழுதற பேனா இல்லை. கல்யாண வீட்ல குடுத்த பேனா ஒன்னு, காஞ்சு போச்சு. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் குடுத்தது ஒன்னு, கறுப்பு. நோட்டுல கிறுக்கிக் கிறுக்கிப் பாத்து, ஊதிப் பாத்து, உள்ளங்கைல உருட்டிப் பாத்து, கடைசில எதிர்வீட்டு அஞ்சாங்கிளாஸ் பொண்ணுகிட்ட கேட்டேன். பென்சில் பாக்ஸைத் திறந்து, உள்ளே ரொம்ப நேரம் யோசிச்சு, இருக்கறதுலயே பழசா ஒன்னை எடுத்து நீட்டுச்சு. "மூடி பத்திரம் அங்கிள். இன்னைக்கே தந்துடணும்."

அந்தக் குழந்தைக்குத் தெரிஞ்ச கண்டிப்பு எனக்குத் தெரியலையே!

கையெழுத்தைப் போட்டேன். நீலம். கண்ணைப் பறிக்கற நீலம், வேணும்னே ரெண்டு கோடு அதிகமா இழுத்தேன். கூரியர் 80 ரூபா. சீல் 300, பிரிண்ட், ஜெராக்ஸ், பஸ்ஸெல்லாம் கழிச்சா வார்த்தைக்கு எத்தனை பைசா நிக்குதுன்னு கணக்குப் போட உக்காந்தேன். வேண்டாம்னு எழுந்துட்டேன்.

எழுந்த நேரம் காலிங் பெல். தண்ணி கேன் அண்ணன். ஆமாங்க, மிஷினைப் பத்தி எட்டுக் கட்டுரை எழுதுனவன் வீட்ல கேன் தண்ணிதான். மிஷின் மாட்டலாம்னா வீட்டு ஓனர் சுவர்ல ஓட்டை போட விட மாட்டாரு. அண்ணன் மூணு மாடி தூக்கிட்டு வந்தாரு, இறக்குனாரு, "நாப்பது"ன்னாரு. காசு போய்ச் சேந்ததுன்னு அவர் போன் சொல்ற வரைக்கும் வாசல்லயே நின்னாரு. சொல்லிச்சு. போயிட்டாரு. ஃபார்ம் இல்லை, சீல் இல்லை, 25-ம் தேதி இல்லை. பத்து செகண்டு. சிரிப்பு வந்துடுச்சு எனக்கு, அங்கேயே படில உக்காந்து சிரிச்சேன். மாடி வீட்டு அக்கா எட்டிப் பாத்து, "பார்சல் ஏதாச்சும் வந்துச்சா தம்பி?"ன்னாங்க.

தாகமா இருந்துச்சு, கேனைத் திறக்கலாம்னு குனிஞ்சேன். அந்த மூடிக்கு ஒரு காது வெச்சிருப்பான் பாருங்க, இழுத்தா உரியணும்னு. இழுத்தேன். காது மட்டும் கைல வந்துடுச்சு. ஒரு தடவையாவது, யார் வீட்லயாவது, அது முழுசா உரிஞ்சு வந்திருக்கா? பல்லு வெச்சுப் பாத்தாச்சு, சாவியால நெம்பியாச்சு, இப்ப கத்தியோட நிக்கறேன்.