அந்தக் காலத்தில் தொப்பையே இல்லையாம்!

எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரர் ஒருவர் ஆரம்பித்துவிடுகிறார். "நம்ம முன்னோர்கள் அளவா சாப்பிட்டாங்க, ஒருத்தருக்கும் தொப்பை கிடையாது." சொல்லிவிட்டு நம் வயிற்றை ஒரு பார்வை. வாட்ஸ்அப்பைத் திறந்தாலும் அதே கதைதான். கோயில் சிற்பம் ஒன்றின் படம், கீழே 'இந்த இடுப்பு இன்று எங்கே?' என்று கேள்வி. ஏன், அதே கோயிலில் பிள்ளையார் உட்கார்ந்திருப்பது கண்ணில் படவில்லையா? குபேரனுக்கு மட்டும் சிற்பி ஏன் அவ்வளவு பெரிய வயிறு வைத்தான்?

சரி, இடுப்பைப் பற்றியே பேசுவோம். சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் கிணைப்பறை கொட்டுபவர் வீட்டுப் பெண்ணுக்கு 'ஒல்குபசி உழந்த ஒடுங்குநுண் மருங்குல்'. பசியில் வாடி ஒடுங்கிப்போன இடுப்பு. குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். உப்பு வாங்க வழியில்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற வெட்கத்தில் வாசலை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு அதைத் தின்கிறார்கள். அடுக்களையில் ஈன்ற நாய் ஒன்று, குட்டிகள் பால் குடிக்க வருவதைப் பொறுக்க முடியாமல் குரைக்கிறது. சுவரெல்லாம் கறையான். ஐயா, நீங்கள் ஏங்கும் அந்த இடுப்பு இப்படித்தான் வந்தது!

புறநானூற்றில் புலவர் பெருஞ்சித்திரனார் வீட்டுக் கதை இன்னும் மோசம். பாலில்லாத மார்பைச் சுவைத்துப் பார்த்து, வெறும் கலயங்களைத் திறந்து திறந்து பார்த்து அழுகிறது குழந்தை. தாய் புலி வருகிறது என்று பயமுறுத்துகிறாள், நிலாவைக் காட்டுகிறாள். இவர்களையெல்லாம் 'அளவாகச் சாப்பிட்டவர்கள்' என்று சொல்ல எப்படித்தான் நா எழுகிறது?

சோறு கிடைத்தபோது எப்படிச் சாப்பிட்டார்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். சோழன் கரிகாலனிடம் பரிசு கேட்டுப் போன பொருநன் என்ற கலைஞன் இரவும் பகலும் இறைச்சி தின்று, புன்செய் உழுத கலப்பைக் கொழுவைப் போலப் பல் மழுங்கி, மூச்சுவிட இடமில்லாமல் போனதாகப் பொருநராற்றுப்படை சொல்கிறது. மன்னன் முகம் சுளித்தானா? சாப்பிடு சாப்பிடு என்று வற்புறுத்தியதே அவன்தான். வந்தவன் வயிறு நிரம்புவது அவனுக்குப் பெருமை.

உடனே திருக்குறளை எடுத்து நீட்டுவார்கள். 'மருந்து' அதிகாரத்தின் பத்துக் குறளையும் படித்துப் பாருங்கள். செரித்த பிறகு சாப்பிடு, நன்றாகப் பசித்த பிறகு சாப்பிடு, மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்றுதான் இருக்கிறது. இடுப்புச் சுற்றளவு எங்கேயும் இல்லை. நெருப்புக்குள்கூடத் தூங்கலாம், வறுமைக்குள் கண்மூட முடியாது என்றும் அதே வள்ளுவர்தான் சொன்னார். அதை ஒரு ஆளாவது ஃபார்வர்டு செய்து பார்த்திருக்கிறீர்களா?

இதில் 'அந்தக் காலம்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது வேறு. எகிப்தில் மன்னன் குஃபுவின் பெரிய பிரமிடு வேலையைக் கவனித்ததாகக் கருதப்படும் ஹெமியுனுவின் சிலைக்குத் தொங்கிய மார்பும் பருத்த உடலும் உண்டு, அது அந்தஸ்து. அதே நாட்டில், இரண்டாயிரம் வருடங்களுக்கும் அதிகமாகக் கழிந்த பிறகு ஆண்ட எட்டாம் தாலமிக்கு மக்கள் வைத்த பட்டப்பெயர் 'தொப்பையன்'. எந்தக் காலத்தைக் காட்டி என்னைத் திட்டுகிறீர்கள்?

உடல் பருத்தால் ஆபத்து என்று பழைய வைத்தியர்கள் சொல்லாமல் இல்லை. மிகப் பருத்தவர்களுக்குத் திடீர் மரணம் வர வாய்ப்பு அதிகம் என்று கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் உள்ள நூலில் இருக்கிறது. சரகர் பெயரில் உள்ள ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையும் பருமனைக் கண்டிக்கிறது, ஆனால் அளவுமீறிய மெலிவையும் அதே அத்தியாயத்தில் கண்டிக்கிறது. இன்னொன்றும் சொல்கிறது: பருமனுக்குப் பிறவி இயல்பும் ஒரு காரணமாம். பக்கத்து இலைக்காரருக்குத் தெரியாத விஷயம் அந்த வைத்தியருக்குத் தெரிந்திருக்கிறது!

போன முறை ஒரு பெரியவர் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே எனக்கு உபதேசம் செய்தபோது, சரகர் சொன்ன காரணங்களில் பகல் தூக்கமும் உண்டு என்று எடுத்துச் சொன்னேன். "அதெல்லாம் வயசானவங்களுக்குப் பொருந்தாது தம்பி" என்றவர், இரண்டாவது டம்ளர் பாயசத்துக்குக் கை நீட்டினார்.