புது போர்வெல் கேட்பதற்கு முன் பழைய போரை அளந்து பாருங்கள்

தெருமுனை போர்வெல்லில் தண்ணீர் நின்றதும் நாம் செய்கிற முதல் காரியம், புது போர் போடச் சொல்லி மனு எழுதுவது. அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் என்று பெங்களூரில் எந்தப் பக்கம் போனாலும் இதேதான். ரிக் வண்டி வந்து இரவெல்லாம் பாறையைத் துளைக்கும். 1000 அடி தாண்டி ஒன்றரை இன்ச் தண்ணீர் வந்தால் தேங்காய் உடைப்போம். பக்கத்திலேயே பழைய போர் குப்பைக்கு அடியில் கிடக்கும். அது உண்மையிலேயே வற்றியதா, இல்லை மோட்டார் மட்டும் போனதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

2024 கோடையில், நகரத்தின் சுமார் 14,000 பொது போர்வெல்களில் 6,900 வரை ஓடவில்லை என்று அரசே சொன்னது. நிலத்தடி நீர் இறங்கியது உண்மை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு போர் ஓடாமல் போக நான்கைந்து காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு, செலவு வேறு.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு பொது போர்வெல்லுக்கும் ஒரு நோட்டு வேண்டும். மாதம் ஒருமுறை அதில் நான்கு எண்கள் ஏற வேண்டும்: மோட்டார் ஓய்வில் இருக்கும்போது நீர்மட்டம், ஓடும்போது நீர்மட்டம், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது, மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது. இது இல்லாமல் சீரமைப்பு என்று பணம் ஒதுக்குவது நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதற்குச் சமம்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. மோட்டாரை இறக்கும்போதே கூடவே முக்கால் இன்ச் பிவிசி பைப் ஒன்றையும் பம்ப் வரை இறக்கிவிட வேண்டும். அதற்குள் நீர்மட்டம் பார்க்கும் டேப்பை விட்டால் முனை தண்ணீரைத் தொட்டதும் பஸ்ஸர் அடிக்கும். அந்தப் பைப் இல்லாமல் டேப்பை விட்டால் கேபிளிலும் கிளாம்பிலும் சிக்கிக்கொண்டு வெளியே வராது. பல போர்களில் யாரும் அளக்காததற்கு இதுவே காரணம். டேப் இல்லையென்றால் மெல்லிய நைலான் குழாய் போதும். குழாய் முனை 600 அடியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸரை மாட்டி, கேஜ் முள் மேலே ஏறாமல் ஒரே இடத்தில் நிற்கும் வரை காற்றைச் செலுத்துங்கள். 1 கிலோ அழுத்தத்துக்கு சுமார் 33 அடி தண்ணீர். முள் 5-இல் நின்றால் முனைக்கு மேல் 165 அடி தண்ணீர் நிற்கிறது, நீர்மட்டம் 435 அடியில் இருக்கிறது.

வரும் தண்ணீரை அளக்க 200 லிட்டர் டிரம்மும் கைக்கடிகாரமும் போதும். ரிக் வண்டிக்காரர்கள் சொல்லும் இன்ச் கணக்கை மட்டும் நம்பி மோட்டார் வாங்காதீர்கள். அது V வடிவ வெட்டு வைத்த தகட்டில் வழியும் உயரம். 2 இன்ச் என்றால் மணிக்கு சுமார் 2,900 லிட்டர், 1 இன்ச் என்றால் வெறும் 500 சொச்சம். பாதி உயரம், ஆனால் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

நான்கு எண்களும் கையில் இருந்தால் கோளாறு தானாகப் பிடிபடும். நீர்மட்டம் பழையபடி இருக்கிறது, ஆம்பியரும் அப்படியே, தண்ணீர் மட்டும் பாதியாகிவிட்டது என்றால், பம்பிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவரும் பைப்பில் (காலம் பைப்) ஓட்டை. துத்தநாகம் பூசிய இரும்பு பைப் (ஜிஐ) மரை போட்ட இடத்தில்தான் முதலில் அரிக்கும். போர் வாயில் காதை வைத்தால் உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். இரண்டு மூன்று பைப் மாற்றினால் வேலை முடிந்தது. நீர்மட்டம் அப்படியே இருந்து, 15 ஆம்பியர் இழுத்த மோட்டார் 9 இழுத்து, தண்ணீரே வரவில்லை என்றால் மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் உடைந்திருக்கும். அதுவே 20 இழுத்துக்கொண்டு டிரிப் ஆனால், வோல்டேஜ் குறைவா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால் பம்புக்குள் மணல் புகுந்திருக்கும், அல்லது பேரிங் போயிருக்கும். அரைமணி நேரம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு காற்றும் தண்ணீருமாகத் துப்பினால் போரில் குறை இல்லை, மோட்டார்தான் பெரிது. மணிக்கு 3,000 லிட்டர் ஊறும் போரில் 6,000 தள்ளும் பம்பை மாட்டினால் வேறென்ன ஆகும்? வால்வைக் கொஞ்சம் மூடி வையுங்கள், அல்லது ஒரு மணி நேரம் ஓட்டம், இரண்டு மணி நேரம் ஓய்வு என்று டைமர் போடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடுவதைத் தடுக்கும் கருவி பேனல் போர்டில் இருக்கும். அடிக்கடி நிற்கிறதே என்று அதை நேர் இணைப்பு கொடுத்துத் தாண்டிவிடுகிறார்கள். மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) எரிவதற்கு அதுவே வழி.

இவை எதுவும் இல்லாமல் ஓய்வு நீர்மட்டமே பம்புக்குக் கீழே போயிருந்தால் மட்டுமே போர் வற்றியது என்று சொல்லலாம். அப்போதும் அடியில் இடம் இருந்தால் பம்பை இறக்கிப் பார்க்கலாம். அடித்தரையிலிருந்து 50 அடியாவது விட்டு நிறுத்துங்கள். சேற்றில் புதைந்த மோட்டார் சூடு தாங்காது.

நம் ஊர் அடியில் நைஸ் (gneiss), கிரானைட் என்ற கெட்டிப் பாறைகள். தண்ணீர் இருப்பது மேலே மக்கிய பாறை அடுக்கிலும் கீழே உள்ள வெடிப்புகளிலும் மட்டுமே. கம்ப்ரஸர் வைத்து ஊதினால் வெடிப்பில் அடைந்த சேறு வெளியே வரும், காலியான வெடிப்பில் தண்ணீர் வராது. ஹைட்ரோ ஃபிராக்சரிங் என்று பாறைக்குள் அதிக அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்துவதும் அப்படித்தான். வெடிப்பு குறுகியோ அடைத்தோ இருந்தால் பலன் தரும், நீர்மட்டமே விழுந்துவிட்டால் தராது. இதற்கெல்லாம் முன்னால் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். போரின் மேல்பகுதியில் இறக்கிய கேசிங் பைப் விரிசல் விட்டிருந்தால் அழுத்தம் கொடுப்பது போரையே மூடிவிடும். பக்கத்தில் சாக்கடை கசிந்தால் அதற்கு நாமே பாதை திறந்துவிட்டதாகும்.

சாக்கடை விஷயத்தில் நமக்கு இருக்கும் அலட்சியம் எனக்கு உண்மையாகவே பயம் தருகிறது. கேசிங் பைப் தரைக்கு மேல் ஒன்றரை அடியாவது நிற்க வேண்டும், சுற்றிலும் சிமென்ட் மேடை வெளிப்பக்கம் சாய்வாக இருக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ரோடு ஏறுகிறது, கேசிங் ஏறுவதில்லை. கடைசியில் பைப் வாய் ரோடு மட்டத்துக்கு வந்து, அதன் மேல் ஒரு கோணிச் சாக்கும் ஒரு கல்லும் மட்டும் இருக்கும். மழை பெய்தால் தெருச் சாக்கடை நேராக உள்ளே இறங்கும். கேசிங்கை வெல்டிங் வைத்து உயர்த்தி, மூடி போட்டு, மேடை கட்டுவது ஒரு நாள் வேலை. பரிசோதனையில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது. கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது. குழந்தைக்குப் பால் கரைக்கும் வீடுகளில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மோட்டாரை ஏற்றி இறக்கிய ஒவ்வொரு முறையும் குளோரின் போட வேண்டும். ஆறரை இன்ச் போரில் ஒரு அடிக்கு சுமார் ஆறரை லிட்டர் தண்ணீர். 300 அடி நீர் நின்றால் ஏறக்குறைய 1,950 லிட்டர். அதற்கு லிட்டருக்கு 50 மில்லிகிராம் கணக்கில், 25 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 400 கிராம் போதும். பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். டிரம்மில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிவை மட்டும் ஊற்றுங்கள். பிறகு வரும் தண்ணீரை ஹோஸ் வழியாகத் திரும்பப் போருக்குள்ளேயே விட்டு, கேசிங் சுவர் நனையும்படி சுற்றவிட வேண்டும். 12 மணி நேரம் நிறுத்தி, வாசனை போகும் வரை வெளியே இறைத்துவிட்டு, அதன் பிறகே தொட்டிக்குத் திருப்ப வேண்டும்.

திறந்த கிணறு இருக்கிற பகுதிக்காரர்களுக்கும் ஒன்று. கப்பன் பூங்காவில் மூடிக் கிடந்த பழைய கிணறுகளை பரம்பரையாகக் கிணறு தோண்டும் மண்ணு வட்டர் சமூகத்தினர் தூர்வாரி மீட்டார்கள், நம் பகுதிகளிலும் அது முடியும். உள்சுவரை மட்டும் சிமென்ட் வைத்துப் பூசிவிடாதீர்கள், ஊற்றுக்கண் அடைந்துவிடும். டீசல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது, புகை உள்ளே இருப்பவரைக் கொன்றுவிடும்.

2024 அக்டோபரில் காவிரி குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் வந்தது, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். நல்லது. ஆனால் காவிரி வந்த தெருக்களில் போர்களைக் கைவிட்டுவிடக் கூடாது. அந்தத் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் மேடேறி வருகிறது, வழியில் எங்கே பழுதானாலும் நமக்குத் துணை இந்தப் போர்தான். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஓட்டினால் பம்ப் இறுகாது.

ஆகவே அடுத்த மனுவில் புது போர் வேண்டும் என்று எழுதாதீர்கள். இருக்கிற போரின் ஆழம், கேசிங் ஆழம், பம்ப் நிற்கும் ஆழம், கடைசியாக அளந்த நீர்மட்டம் நான்கையும் எழுத்தில் கேளுங்கள். அளவே எடுக்கவில்லை என்று பதில் வந்தால், ஒருமுறை கேமரா விட்டு, நான்கு மணி நேரம் ஓட்டி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டம் பார்த்து அறிக்கை தரச் சொல்லுங்கள். உண்மையிலேயே வற்றிப்போன போர் என்று அந்த அறிக்கையில் வந்தால், 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி களிமண், மணல், கல் போட்டு அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்பச் சொல்லி அதே மனுவில் சேருங்கள்.