அந்த விலையை யார் போட்டது?

தங்கச்சி மகளுக்காக சென்னைக் கச்சேரிக்கு ரெண்டு டிக்கெட் எடுக்க உட்கார்ந்தேன். காலையில 1,500 காட்டினது, ராமேஸ்வரம் பக்கத்துல எங்க ஊர் மண்டபத்துல மீன் ஏலம் முடிஞ்சு வீட்டுக்கு வர்றதுக்குள்ள 2,200 ஆயிடுச்சு. அதே நின்னு பார்க்கிற இடம்தான்! பணம் கட்டப் போனா, ஆன்லைன்ல எடுக்கிறதுக்கு 'வசதிக் கட்டணம்'னு தனியா ஒண்ணு. டிக்கெட் 500 ரூபாயைத் தாண்டினா 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற.

ஏலத்துலயும் விலை ஏறும், இறங்கும். ஆனா கூடை கண்ணு முன்னாடி இருக்கும், யார் எவ்வளவுக்குக் கேட்டாங்கன்னு காதுல விழும். இங்க பாடுறவருக்குப் பேசின தொகை, மைதான வாடகை, ஒலி, ஒளி எல்லாம் கூட்டி ஏற்பாட்டாளர் ஒரு விலை வைக்கிறார். அது நியாயம்தான், பாடுறவங்களும் பிழைக்கணும். ஆனா டிக்கெட்டைக் கட்டம் கட்டமா பிரிச்சு விலையை ஏத்தி விக்கிறாங்க. முதல் கட்டம் தீர்ந்துச்சுன்னு அடுத்த விலைக்குத் தள்ளுறாங்களே, அந்த முதல் கட்டத்துல இருந்தது நூறு டிக்கெட்டா, ஆயிரமா? அதை மட்டும் சொல்ல மாட்டாங்க. அதுலதான் எனக்கு வயிறு எரியுது.

எங்க ஊர்த் திருவிழாவுக்கு தலைக்கட்டு வரி கட்டுறோம். பாட்டுக்குழுவுக்கு எவ்வளவு, மைக்செட்டுக்கு எவ்வளவுன்னு கோயில் சுவத்துலயே கணக்கு ஒட்டிடுவாங்க. 500 கிலோமீட்டருக்கு மேல ராத்திரி ரயில்ல கச்சேரிக்குப் போற பிள்ளைக்கு அந்த மாதிரிக் கணக்கைக் காட்டினா என்ன குறைஞ்சுடும்?